சிரிச்ச மூஞ்சியா ஒரு சாவி

போன மாசம் அமல் போன் பண்ணினான். என் தங்கச்சி மகன். ஓசூரில் ஃப்ளாட் வாங்கப் போகிறான்.

"பெரியம்மா, தூக்கமே வரமாட்டேங்குது. ஒரே ஸ்ட்ரெஸ். ஆபீஸ்ல ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்னு க்ளாஸ் வச்சாங்க, அதுக்கும் போயிட்டு வந்தேன்."

"என்னடா சொல்லிக் குடுத்தாங்க?"

"மூச்சை நல்லா இழுத்து விடச் சொன்னாங்க."

"அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

பையன் சிரிக்கவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது. வீடு வாங்கலாம் என்று பேச்செடுத்த குடும்பத்தை விட்டு முதலில் காலி பண்ணிக்கொண்டு போவது சிரிப்புதான். இது எனக்குத் தெரியாதா?

எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் நாங்கள் வீடு வாங்கின கதையை இந்தப் பத்தியில் நான் இதுவரைக்கும் எழுதினதில்லை. எங்க வீட்டுக்காரர் எழுத விட்டதில்லை. "ஊரே சிரிக்கும்" என்பார். இப்போது அவர் ரிட்டையர் ஆகி, டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இதுதான் சமயம். சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் ஸ்ட்ரெஸ் என்கிற வார்த்தை எங்கள் ஊருக்கு இன்னும் பஸ் ஏறவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றுக் கலக்கல்தான். எங்க வீட்டுக்காரர் அருளப்பன் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். காற்று, மழை எதுவானாலும் சரசரவென்று கம்பம் ஏறிவிடுவார். ஹை டென்ஷன் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பீடி கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, வீடு வாங்கலாமா என்று நான் கேட்ட அன்றைக்கே வயிறு கலங்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவருடைய டூல்ஸ் பையில் கட்டிங் பிளேயருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஓமத்தண்ணி பாட்டில் இருந்தது.

ஏன் வாங்கியே தீர வேண்டும் என்றேன்? தண்ணீர். நான் அங்கே ஸ்கூல் டீச்சர். விடிந்ததும் தெருக்கோடி அடிபம்பில் குடம் வைத்து இடம் பிடித்து, அடித்து, சுமந்து, அப்புறம் பள்ளிக்கூடம் போய் ஒன்றாம் வகுப்பில் கத்தி... ராத்திரி தோளைத் தூக்க முடியாது. வாடகை வீட்டு ஓனரும் சொல்லிவிட்டார், "எம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்குதுங்க டீச்சர். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க." அதோடு, நான் குடியிருந்த எந்த வாடகை வீட்டிலும் ஆணி அடிக்க விட்டதில்லை. மாதா படத்தை அலமாரி மேலே சாய்த்து வைத்தே பாதி வயசு போய்விட்டது. என் சொந்தச் சுவரில் நானே ஒரு ஆணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தரகர் பச்சியப்பன் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னசாமி - மாதம்மா வீடு. ஓட்டு வீடு. அவர்களுடைய மகனுக்கு ஓசூர் ஃபேக்டரியில் வேலை. அப்பா அம்மாவை அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டான். நான் வீட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர்! கோடையிலும் தண்ணீர்! ஒரு வாய் குடித்தேன், சர்க்கரை.

அந்தக் கிணற்றில் ஒரு விசேஷம் உண்டு. பாதிதான் நமக்கு. மீதிப் பாதி பக்கத்து வீட்டுக்கு. கிணற்றுக்கு நட்டநடுவே குறுக்கே ஒரு கல்லைப் போட்டு, அதன் மேலே கழுத்தளவு சுவர் எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். அந்தப் பக்கத்துக்காரி பெயர் கெம்பம்மா. அவங்க வீட்டில் கன்னடம் பேசுவார்கள். தமிழும் நன்றாக வரும். ஆனால் கோபம் ஏற ஏறத் தமிழ் குறைந்துகொண்டே போகும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நாங்கள் போன அன்றைக்கே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மே, உன் பக்கெட்டை வந்து எம் பக்கெட்டு மேல ஏன் இடிக்கற? கண்ணு எங்க வச்சிருக்க?" இது மாதம்மா.

"கெணத்துல கோடு போட்டு வச்சிருக்கியாடி? உன் முருங்கை எலை பூரா எங்க பக்கம்தான் வுழுது. அதை மொதல்ல பொறுக்கு!" இது கெம்பம்மா.

"தண்ணில வுழற எலைக்கு நான் பொறுப்பாடி?"

"ஹோகே! ஹோகே!"

ஹோகே என்றால் போடி. அதற்கு மேலே வந்ததெல்லாம் எனக்குப் புரியவில்லை, புரியாததே நல்லது என்றும் தோன்றியது. கிணற்றுக்குள் பேசினால் குரல் இரண்டு மடங்காகக் கேட்கும். தெரு முழுக்கக் கேட்டது. சின்னசாமி ஒன்றுமே நடக்காத மாதிரி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தெனமும் இப்படித்தாங்களா?" என்றேன்.

"நான் கண்ணாலம் கட்டுன வருசத்துலருந்துங்க," என்றார்.

எனக்கு மாதம்மாவை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. நல்ல மனுஷி, பாவம், இந்த வாயாடியிடமிருந்து தப்பித்து ஓசூர் போகிறாள். கூடவே, அய்யோ, அந்த இடத்தில் நான் வந்து உட்காரப் போகிறேனே என்றும் இருந்தது. ஆனால் தண்ணீர்! அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

அங்கேதான் பச்சியப்பன் வாயைத் திறந்தார்.

"அப்பறம் சார், எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். பத்திரம் பதியப் போற அன்னிக்குக் காலைல வழக்கப்படி சாவி குடுத்துடுவாங்க."

"என்ன வழக்கம்?" என்றார் இவர். கேட்டிருக்கவே கூடாது.

"தெரியாதுங்களா? வூட்டைக் கூட்டிக் காலி பண்ணிப் பூட்டிட்டு, அந்த வூட்டுத் தண்ணியில ஒரு கொடம் நெறைச்சு, கொடத்தையும் சாவியையும் விக்கற வூட்டுப் பொம்பளை தங்கையாலயே குடுக்கணுங்க. மனசார. சிரிச்ச மூஞ்சியா. ஒரு சொட்டுக் கண்ணீர் வுட்டுக் குடுத்தாங்கன்னா... அந்த வூடு வாங்கினவங்களுக்குத் தங்காதுங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பொட்டலம் பிரித்து வெற்றிலை போட்டுக்கொண்டார். எங்க வீட்டுக்காரர் ஓமத்தண்ணி பாட்டிலைத் திறந்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் வரிசையில் முழங்கால் போடுகிற ஆள். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும் பூனை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். கேட்டால், "பூனையையும் ஆண்டவர்தானே படைச்சாரு" என்பார். இப்படிப்பட்டவரிடம் கண்ணீர், தங்காது என்று சொன்னால் என்ன ஆகும்?

ஊரில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கரண்ட் கம்பம் ஏறின இடமெல்லாம் கீழே நின்றவர்களைக் கேட்டார். வீட்டுக்கு வந்தால் கதைதான். காரிமங்கலத்தில் ஒருத்தர் அழுத வீட்டை வாங்கினாராம். முதலில் எருமை செத்ததாம். அப்புறம் மாமியார் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டாராம். கடைசியில் அவருக்கு எங்கேயோ மூலையிலிருக்கிற ஏரியூருக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்ததாம். (ஏரியூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சொன்னது அவர்.)

"மாதம்மா எதுக்குங்க அழப் போறாங்க? நாம பாத்தப்ப நல்லாத்தானே சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க?" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போனோம். மாதம்மா கதவைத் திறந்தார். "வாங்க டீச்சரம்மா" என்றார். 'அம்மா' என்று முடிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

இவர் கையிலிருந்த டேப்பை அப்படியே சுருட்டிப் பையில் போட்டார்.

அதற்கப்புறம் எப்போது போனாலும் அழுகைதான். அரிசிப் பானை இருந்த மூலையைக் காட்டி ஒரு அழுகை. மகன் பிறந்த அறையைக் காட்டி ஒரு அழுகை. நல்ல வேளை, பக்கத்து வீட்டுச் சண்டையாவது இல்லை. கெம்பம்மா குரலே கேட்கவில்லை. கிணற்றடி அமைதியாக இருந்தது. அட, சமாதானம் ஆகிவிட்டார்கள் போல, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் வேலைக்குப் படித்த மூளை, அவ்வளவுதான் வேலை செய்தது.

இவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "அந்தம்மா அழுதுக்கிட்டே குடுத்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அப்ப நாம எங்கங்க போறது? ஓனர் நாளைக்கே சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டிக்கிட்டு வரப்போறாரு!"

"ஏரியூருக்குப் போறதுக்கு அது தேவல."

ஆக, என் தண்ணீர், என் ஆணி, என் மாதா படம் எல்லாமே மாதம்மாவின் கண்ணில் வந்து நின்றது. அந்தக் கண்ணீரை நிறுத்தியாக வேண்டும். நானே களத்தில் இறங்கினேன்.

முதலில் புடவை. பாலக்கோட்டுக் கடையில் தேடித் தேடி நல்ல அரக்குக் கலரில் ஒன்று எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மாதம்மா பிரித்துப் பார்த்தார். "இதே கலர்ல கெம்பம்மா ஒண்ணு வச்சிருக்கா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. புடவையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் சினிமா. டூரிங் டாக்கீஸில் ஒரு சிரிப்புப் படம் வந்திருக்கிறது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று எங்க வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்தார். நாங்கள் போவதற்குள் படம் மாற்றிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. டிக்கெட் வாங்கி மாதம்மாவை நடுவில் உட்கார வைத்தோம். அது ஒரு அம்மா பிள்ளை படம். டைட்டில் ஓடும்போதே அந்த அம்மாவுக்கு இருமல். இடைவேளைக்குள் கொட்டகை முழுக்க அழுதது. நானும் அழுதேன். திரும்பி வரும்போது மாதம்மா, "நல்ல படமுங்க டீச்சரம்மா," என்று சொல்லி மறுபடி அழுதார். இவர் எங்களை விட்டுவிட்டுத் தனியாக முன்னால் நடந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஃபாதரிடமும் கேட்டார் இவர். ஃபாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அருளப்பா, சிரிச்சுக்கிட்டு வூட்டை விக்கணும்னு பைபிள்ல எங்கயும் இல்லப்பா," என்றார்.

"வேண்டாம்னும் இல்லீங்களே ஃபாதர்," என்றார் இவர்.

பத்திரம் பதிய நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் மட்டும் போனேன். எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கை. மாதம்மா கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் கயிறு. சேந்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டே விட்டேன். "உங்களுக்கு இந்த வூட்டை விக்க மனசில்லைங்களா? இருந்தா சொல்லிடுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்." சொல்லும்போதே அடிபம்பு கண் முன்னால் வந்துபோனது.

"அய்யோ, வூட்டுக்கென்னாங்க! மழை பேஞ்சா ஒழுவுது. எம் மவன் வூடு காரை வூடு, மொசைக்குத் தரை. நான் சந்தோசமாத்தான் போறேன்."

"பின்னே எதுக்குங்க அழறீங்க?"

மாதம்மா சுவரைக் காட்டினார். அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரோ தண்ணீர் சேந்துகிறார்கள். பேச்சில்லை.

"பாருங்க." எழுந்து, தன் பக்கெட்டை வேண்டுமென்றே விட்டு, அந்தப் பக்கெட்டின் மேலே ணங்கென்று இடித்தார். அந்தப் பக்கம் கயிறு நின்றது. நானும் காதைத் தீட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"பரவால்லைங்க. நீங்க மொதல்ல சேந்திக்கோங்க."

அவ்வளவுதான். மாதம்மா அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? 'நீங்க'வாம்! என்னை, நீங்கங்கறா டீச்சரம்மா! அட்வான்சு வாங்குன நாள்லருந்து இப்பிடித்தான். ஒரு வார்த்தை திட்டல. மோதிப் பாத்தாக் கூட திட்டமாட்டேங்கறா. நான் என்ன யாரோவா? விருந்தாளியா? நான் புள்ள பெத்தப்ப, எழுந்திரிடி சோம்பேறின்னு திட்டிக்கிட்டே கஞ்சி கொண்டாந்து ஊத்துனவ அவ. எம் மாமியா செத்தப்ப என்னைத் திட்டித் திட்டித்தான் சோறு திங்க வெச்சா. இப்ப மரியாதை குடுக்கறா. நான் அதுக்குள்ள செத்தா போயிட்டேன்?"

வீட்டுக்காக அழுகிறார் என்று நாங்கள் ஊர் ஊராய் விசாரித்தோமே! மாதம்மா அழுதது ஒரு சண்டைக்காக.

சரி, அந்தப் பக்கம் போய்ப் பேசிவிடலாம் என்று சுற்றிக்கொண்டு கெம்பம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே போனால் அது ஒரு தனிக் கதை. கெம்பம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரே ஒரு தடவை... சும்மா பேச்சுக்கு... அவங்களைத் திட்டுங்களேன்," என்றேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் இப்படிக் கெஞ்சினதில்லை.

கெம்பம்மா காதைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, ஊரை வுட்டுப் போறவங்களைத் திட்டக் கூடாதுங்க டீச்சரம்மா! திட்டி அனுப்பினா போற எடத்துல வெளங்க மாட்டாங்க. எங்க வூட்ல அது பெரிய பாவம். வாய் நமநமங்குது. நாக்கைக் கடிச்சிக்கிட்டு இருக்கறேன். அவ நல்லா இருக்கணும், அதான்."

எப்படி இருக்கிறது பாருங்கள். இங்கே ஒரு வழக்கம்: அழுதால் வாங்குகிறவளுக்கு ஆகாது. அங்கே ஒரு வழக்கம்: திட்டினால் போகிறவளுக்கு ஆகாது. இரண்டு பேரும் நல்ல மனசு. இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு என் வீடு. நான் வீட்டுக்கு வந்து, இவருடைய ஓமத்தண்ணியில் எனக்கும் ஒரு மூடி ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை. சாமான் எல்லாம் முன்னமே ஓசூர் போயாயிற்று. சின்னசாமி வீட்டைக் கூட்டிப் பூட்டிச் சாவியை மாதம்மா கையில் கொடுத்தார். முழ நீளக் கயிற்றில் கோத்த பெரிய இரும்புச் சாவி. பச்சியப்பன் ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார். எங்க வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை, ஜெபமாலை சகிதம் கிணற்றடியில் நின்றார். முகம் சட்டையை விட வெளுப்பு.

மாதம்மா குடத்தை நிறைத்து என்னிடம் கொடுத்தார். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார் பாவம். சாவியை எடுத்து இவரிடம் நீட்டினார். இவரும் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச்சென்றது. மாதம்மா கண் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"வேண்டாங்க! அழாதீங்க! அழாதீங்க!" என்று கத்திக்கொண்டே இவர், பாம்பைத் தொட்டவர் மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சாவி? கிணற்றுச் சுவரில் ஒரு முறை மோதி, 'ப்ளக்' என்று உள்ளே போய்விட்டது.

பச்சியப்பன் வாயிலிருந்த வெற்றிலையை முழுங்கிவிட்டார். அப்புறம்தான் சின்னசாமி மெதுவாகச் சொன்னார்.

"மூலப் பத்திரம் இருக்கற மஞ்சப் பை... உள்ளார ஆணியிலயே மாட்டி வச்சிட்டங்க."

"பூட்டை உடைச்சிடலாம்," என்றார் பச்சியப்பன்.

"கைமாறுற அன்னிக்குப் பூட்டை உடைக்கறதா?" இவர் அலறினார். "நானே எறங்கறேன்!"

"கம்பம் ஏறத்தானே உங்களுக்குத் தெரியும். கெணத்துல எறங்கத் தெரியுமா?" என்றேன். தெரியாது. நின்றுவிட்டார்.

அப்போது சுவருக்கு மேலே கெம்பம்மா தலை தெரிந்தது. கையில் ஒரு பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த பக்கெட், குடமெல்லாம் எடுக்கக் கயிற்றில் கட்டி விடுவோமே, கொக்கி கொக்கியாக, அதுதான்.

"இதைப் போட்டுப் பாருங்க. இந்தாங்க," என்று பவ்யமாக மாதம்மாவிடம் நீட்டினார்.

மாதம்மா வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண் ஓரத்துச் சொட்டு அப்படியே நின்றது.

"இது... எங்க வூட்டுது."

கெம்பம்மா முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"இந்த வளைஞ்ச கொக்கி! எம் மாமியா காலத்துல வளைஞ்சது! நான் இதைத் தேடாத எடமில்ல. இரவல் வாங்கிட்டுப் போயி இல்லவே இல்லைன்னு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணினியேடி! திருடி!"

கெம்பம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. போராடிப் பார்த்தார். முடியவில்லை.

"யாரேடி திருடி? இது எங்க தவருமனெலருந்து வந்தது! எங்கம்மா குடுத்தது!"

"உங்கம்மா வூட்ல கெணறே கெடையாதேடி!"

அவ்வளவுதான். அணை உடைந்தது. பாதாளக் கரண்டியிலிருந்து போய், அம்மிக் குழவி, அங்கிருந்து ஒரு சேவல், அங்கிருந்து என்றைக்கோ நடந்த ஒரு வளைகாப்பு. கெம்பம்மாவின் தமிழ் பாதியானது, காலானது, கடைசியில் ஹோகே மட்டும் மிஞ்சியது. தெருவே கூடிவிட்டது. சின்னசாமி பழக்க தோஷத்தில் மோர் கொடுக்கத் திரும்பினார். வீடு பூட்டியிருந்தது ஞாபகம் வந்து நின்றுவிட்டார்.

இதில் அதிசயம் என்ன தெரியுமா? சண்டைக்கு நடுவிலேயே இரண்டு பேருமாகக் கரண்டியைக் கிணற்றில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். மாதம்மா கயிற்றை ஆட்ட, கெம்பம்மா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "எடது பக்கம்டி! எடது பக்கம்! கண்ணு அவிஞ்சா போச்சு? அந்தக் கல்லுக்குக் கீழடி, முண்டம்!" என்று வழி சொல்ல...

"எனக்கே சொல்லிக் குடுக்கறியாடி, வாயாடி!"

"நீ போனப்பறம் யாரு சொல்லுவாங்க உனக்கு? இழு!"

சாவி வந்தது. அந்த வளைந்த கொக்கியில் கயிறு மாட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. மாதம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு கெம்பம்மாவைப் பார்த்தார். கெம்பம்மா மாதம்மாவைப் பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே மாதம்மா திரும்பி, "இந்தாங்க தம்பி, நல்லா இருங்க. புள்ள குட்டியோட நல்லா இருங்க," என்று சாவியை இவர் கையில் வைத்து அழுத்தினார்.

ஆனால் சிரித்த சிரிப்பில் மாதம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இவர் சாவியையும் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பச்சியப்பா," என்றார், "இது எந்தக் கணக்குல சேரும்?"

"இது லாபமுங்க சார்! வாங்க, பஸ்ஸு போயிடும்!"

கிளம்பும்போது கெம்பம்மா பாதாளக் கரண்டியைச் சுவர் மேலே வைத்தார். "எடுத்துக்கிட்டுப் போடி. உங்க வூட்டுதுதான்," என்றார், தலையைத் திருப்பிக்கொண்டு.

மாதம்மா எடுக்கவில்லை. "அங்க ஏதுடி கெணறு? இங்கயே இருக்கட்டும். ஆனா எங்க வூட்டுது. அப்பப்ப வந்து கேப்பேன்."

சொன்னபடியே வந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு வருவார். கிறிஸ்துமஸ் பலகாரம் சாப்பிட வருகிறேன் என்று வருவார். என் வீட்டில் அரை டம்ளர் காபி. உடனே கிணற்றடி. "எங்கடி எங் கரண்டி?" என்று ஆரம்பித்தால் கடைசி பஸ் வரைக்கும். ஒரு தடவையாவது அதை எடுத்துக்கொண்டு போனாரா? போகவில்லை. எனக்கு அந்த வீட்டில் என்ன பிடித்தது என்று கேட்டால், தண்ணீருக்கு அடுத்தபடியாக அந்தச் சத்தம்தான். கெம்பம்மா என்னையும் விட்டுவைக்கவில்லை. முதல் மாசம் முழுக்க வாங்க, போங்க, டீச்சரம்மா. ஒருநாள் என் பக்கெட் தெரியாமல் இடித்துவிட்டது. "கண்ணு எங்கடி வச்சிருக்க?" என்று ஒரு குரல். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது. அன்றைக்குச் சாயங்காலம்தான் சுவரில் ஆணி அடித்து மாதா படத்தை மாட்டினேன்.

இந்தக் கதையை அமலிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன். "லோன் பாத்தே, லிஃப்ட் பாத்தே, தண்ணி பாத்தே, எல்லாம் சரி. பக்கத்து வூட்ல யாரு இருக்காங்கன்னு பாத்தியா?"

"அதெல்லாம் ஃப்ளாட்ல பிரச்னையே இல்ல பெரியம்மா. யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. கதவைச் சாத்திட்டா அவங்க யாரோ, நாம யாரோ. ரொம்ப டீசன்ட்."

போனை வைத்த பிறகு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தேன்.

நேற்று மறுபடி போன். ஃப்ளாட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறான். குரலில் அப்படி ஒரு கோபம்.

"பெரியம்மா, எதிர் ஃப்ளாட்ல ஒரு அம்மா. என் பார்க்கிங்ல அவங்க ஸ்கூட்டரை நிறுத்திட்டு, என்னையே கேக்கறாங்க, 'ஏன்டா தம்பி, கண்ணு தெரியாதா உனக்கு?'ன்னு! விடுவேனா? நானும் கத்த, அவங்களும் கத்த, ஒரு மணி நேரம்! கடைசில, 'கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிருக்கும், இந்தா குடி'ன்னு மோரைக் குடுத்துட்டு மறுபடியும் திட்டறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல பெரியம்மா!"

"ஒண்ணும் பண்ண வேணாம்டா ராசா," என்றேன். "உனக்கு வூடு அமைஞ்சிடுச்சு."